இனி உன் கையில்

தம்பி, போன வியாழக்கிழமை ராத்திரி சி ஷிப்டுக்குக் கிளம்பும்போது மாடிப்படியில் நின்று உன் வீட்டுக்காரியிடம் நீ சொன்னது கீழே எனக்குக் கேட்டுவிட்டது. "இந்த ரோட்டுல நீ வண்டி ஓட்டப் போறியா? டிரெய்லர் பக்கத்துல வந்தாலே கீழ போட்டுடுவே. நான்தான் கொண்டுபோய் விடறேனே" என்றாய். அவள் பதில் பேசவில்லை. கதவு சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது. மறுநாள் காலையில் உன் கம்பெனி பஸ் வரத் தாமதமாகிவிட்டது. அவள் டிபன் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டாப்பிங்குக்கு நடந்தே போனாள். ஒன்றரை கிலோமீட்டர். கடைசி இருநூறு அடி ஓட்டமாக ஓடினாள் என்று பால்காரர் சொன்னார்.

மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் பிள்ளைகளின் விஷயத்தில் வீட்டுக்காரன் தலையிடக் கூடாது. அது எனக்குத் தெரியும். ஆனால் குடிவந்த நாளிலிருந்து நீங்கள் இருவரும் என்னைத் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறீர்கள். அந்த உரிமையில் பேசுகிறேன். இதே தப்பை நான் பல வருஷம் செய்தவன். அதற்கு நான் என்ன விலை கொடுத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் வேறு ஒரு குடும்பத்தின் கதை.

கிழக்குக் காற்று அடிக்கிற நாளில் நம் மொட்டைமாடியில் நின்றால், மீனம்பாக்கத்தில் இறங்க வரும் விமானங்கள் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்க்கலாம். துணி காயப்போட வரும்போது உன் மனைவி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நானும் பார்ப்பேன். பறக்கிற ஆசை இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. 1910-லேயே பல்லாவரத்தில் ஒரு விமானம் எழும்பியது. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் வைத்திருந்த ஜாகோமோ டி'ஏஞ்சலிஸ் என்பவர், தானே வரைந்த படத்தைச் சிம்ப்சன் கம்பெனியில் கொடுத்துச் செய்து வாங்கி ஓட்டிய விமானம் அது. படத்தைக் கொடுத்து உள்ளூர்ப் பட்டறையில் பொருள் செய்து வாங்குவதைத்தான் நாம் இன்றும் இங்கே செய்துகொண்டிருக்கிறோம். இப்போது வல்லம் வடகாலில் சிப்காட் விமானத் தொழிலுக்கென்றே தனியாக ஒரு பூங்கா வைத்திருக்கிறது.

நான் சொல்ல வந்தது டி'ஏஞ்சலிஸ் கதை இல்லை. கேப்டன் வி. சுந்தரம், அவர் மனைவி உஷா சுந்தரம் என்று நம் ஊர்த் தம்பதி ஒன்று இருந்தது. பறப்பது என்பது ராஜாக்களும் வெள்ளைக்காரர்களும் செய்கிற காரியமாக இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் விமானம் ஓட்டுவதையே தொழிலாக எடுத்துக்கொண்டவர் சுந்தரம். பிறந்தது 1916-ல். மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பில் பயிற்சி ஆசிரியராக இருந்தார். பிறகு மைசூர் மகாராஜாவின் விமானி. உஷா அவரைவிட எட்டு வயது சிறியவர். 1941-ல் கல்யாணம் நடந்தபோது அவருக்கு 17 வயது. அந்தக் காலத்துப் பெண்ணுக்கு அதற்கப்புறம் நடக்கக்கூடியது என்ன என்று உனக்கே தெரியும். கணவன் ஊர் ஊராகப் பறப்பார், மனைவி வீட்டில் வழி பார்த்துக்கொண்டு இருப்பாள்.

அந்த வீட்டில் அப்படி நடக்கவில்லை. மைசூர் மகாராஜாவிடம் டகோட்டா விமானம் ஒன்று இருந்தது. அதில் சுந்தரம் பறந்தபோது துணை விமானியாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர் அவர் மனைவி. அப்போது உஷாவுக்கு இருபத்தைந்து வயதுகூட நிறையவில்லை. அந்த டகோட்டாவில் ஏறி இறங்கியவர்கள் யார் என்று பார். ஜவாஹர்லால் நேரு, ராஜேந்திர பிரசாத், வல்லபபாய் படேல். சுதந்திரம் வந்த கையோடு ஐந்நூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களை இந்தியாவோடு சேர்க்க வேண்டியிருந்தது. அதற்காகப் படேல் ஓயாமல் அலைந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அந்தப் பயணங்களில் சிலவற்றில் அவர் உயிரை நம்பி ஒப்படைத்தது இந்தக் கணவன் மனைவியிடம்.

இனி வருவதை நீங்கள் இருவரும் கவனமாகக் கேட்க வேண்டும். கணவரோடு பறந்து பழகிவிட்டோம், இது போதும் என்று உஷா நிற்கவில்லை. பெங்களூர் ஜக்கூரில் இருந்த அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து முறையாகப் படித்து, 1949-ல் அங்கே தேறிய முதல் பெண்ணாக வெளியே வந்தார். சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி என்று அவரைச் சொல்வது வழக்கம். கணவர் சொல்லிக்கொடுத்த வித்தை கணவரின் நிழலில் இருக்கும்வரைதான் செல்லும். படித்துத் தேறிய வித்தை அவரவர் சொத்து. உஷா தன் தகுதியைத் தன் பெயரில் வாங்கி வைத்துக்கொண்டார்.

1951-ல் மெட்ராஸ் அரசுக்காக இங்கிலாந்தில் ஒரு டி ஹாவிலண்ட் டவ் விமானம் வாங்கினார்கள். இரண்டு பிஸ்டன் எஞ்சின் வைத்த சிறிய விமானம். பயணிகள் பத்துப் பேர் அளவுக்கு உட்காரலாம். அதை லண்டனிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிக்கொண்டு வந்தது இந்தத் தம்பதி. 27 மணி நேரம். அந்த வகை எஞ்சினில் அதை ஒரு சாதனையாகச் சொல்கிறார்கள். பம்பாய்க்கு நேர்க்கோட்டில் அளந்தாலே ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் ஒரே மூச்சில் வர அந்த விமானத்தின் டேங்க் போதாது. நடுவழியில் இறங்கி, எண்ணெய் நிரப்பி, மறுபடி ஏற வேண்டும்.

27 மணி நேரம் என்றால் எவ்வளவு என்று வெளியாளுக்கு விளக்க வேண்டியிருக்கும், உனக்கு வேண்டாம். ஏ, பி, சி என்று மூன்று ஷிப்டும் முடிந்து, மறுபடி ஏ ஷிப்டில் மூன்று மணி நேரம். சி ஷிப்டில் விடிகாலை நாலு மணிக்குக் கண் எப்படிச் சொக்கும் என்று நீதான் எனக்குச் சொல்லியிருக்கிறாய். லைனில் சொக்கினால் ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆகும், இல்லை விரல் போகும். பாலைவனத்துக்கும் கடலுக்கும் மேலே சொக்கினால் என்ன ஆகும்? பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கும் அதே வேலை முழுசாகத் தெரிந்திருந்தால்தான் அப்படி ஒரு பயணத்தை நினைத்துப் பார்க்கவே முடியும். துணைக்கு உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கிற ஆள் அங்கே உதவமாட்டார்.

விமானத்தில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு இருக்கைக்கும் முன்னால் ஓட்டும் பிடி இருக்கும். ஒன்றை அசைத்தால் மற்றதும் கூடவே அசையும். அதனால் இப்போது யார் ஓட்டுகிறார் என்பதில் சந்தேகமே வரக் கூடாது. கைமாற்றும்போது ஒருவர் வாய்விட்டுச் சொல்வார், இனி உன் கையில் என்று. வாங்குகிறவரும் திருப்பிச் சொல்ல வேண்டும், என் கையில் என்று. கண்ணசைவு, தலையாட்டல் எதுவும் செல்லாது. சொன்ன பிறகு முதல் ஆள் கையை எடுத்துவிட வேண்டும். புதிதாகப் பழகுகிறவருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் மட்டும் கையைப் பிடிக்குப் பக்கத்தில் வைத்திருப்பார், ஆனால் தொடமாட்டார். தொட்டால் பழகுகிறவருக்குத் தன் கை எது, ஆசிரியரின் கை எது என்று தெரியாமல் போய்விடும். நம் ஷாப்பில் ஷிப்ட் மாறும்போது லாக் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டு மிஷினை ஒப்படைக்கிறோமே, அதேதான்.

என் கதைக்கு வருகிறேன். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு இந்தப் பக்கம் முழுவதும் மாறிவிட்டது. பெரிய கம்பெனிக்குப் பொருள் கொடுக்கும் கம்பெனி, அதற்கு வேலை செய்து கொடுக்கும் கம்பெனி என்று அடுக்கடுக்காக வந்தார்கள். அதில் கடைசி அடுக்கில் நான். டர்னர் வேலையை விட்டுவிட்டு, இதே வீட்டின் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பழைய லேத் இரண்டும் டிரில்லிங் மிஷின் ஒன்றும் வாங்கிப் போட்டேன். புஷ், பின், ஸ்பேசர் இவைதான் வேலை. உங்கள் பாட்டி, அதாவது என் வீட்டுக்காரி, பீஸ் எண்ணுவாள், எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றுவாள், டெலிவரி சலான் எழுதுவாள். பத்தாவது படித்தவள். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

அவள் அடுப்படியில் நின்றுகொண்டே கொட்டகைச் சத்தத்தைக் கேட்பாள். "டூல் மழுங்கிடுச்சு போல, சத்தம் வேற மாதிரி வருது" என்று குரல் கொடுப்பாள். "உனக்கென்ன தெரியும், சாம்பாரைப் பார்" என்பேன். எடுத்துப் பார்த்தால் டூல் மழுங்கித்தான் இருக்கும். பத்து தடவை சொன்னாள் என்றால் ஒன்பது தடவை சரியாக இருந்திருக்கிறது. ஒரு தடவைகூட நான் அதை அவளிடம் ஒப்புக்கொண்டதில்லை. "எனக்கும் ஒரு நாள் சொல்லிக் கொடுங்களேன்" என்று இரண்டு மூன்று முறை கேட்டாள். கை போய்விடும் என்றேன். சேலை சிக்கும் என்றேன். நான்தான் இருக்கிறேனே என்றேன். நீ வியாழக்கிழமை சொன்ன அதே வார்த்தை.

2008-ல் ஒரு மழை நாள். சலான் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது ஒரு லாரி என் வண்டியை உரசிவிட்டுப் போனது. வலது தொடை எலும்பு முறிந்தது. ஆபரேஷன், பிளேட், மூன்று மாதம் கட்டில். வேலை எல்லாம் என் தலைக்குள் இருந்தது. எந்த பீஸுக்கு எவ்வளவு டாலரன்ஸ், எந்தக் கம்பெனிக்கு என்ன ரேட், யார் எத்தனை நாளில் பணம் கொடுப்பார்கள், எல்லாம். சட்டைப் பையில் ஒரு சின்ன டைரி இருந்தது. அதிலும் எனக்கு மட்டும் புரிகிற மாதிரி எழுத்தும் புள்ளியுமாக எழுதி வைத்திருந்தேன். இன்னொருவர் பார்த்து ரேட்டைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக அப்படி எழுதினேன். அந்த இன்னொருவரில் என் மனைவியும் அடக்கம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

எங்களுக்கு அதிக வேலை கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியிலிருந்து போன் வந்தது. டிராயிங்கோடு நேரில் வந்து பேசச் சொன்னார்கள். அவள் ஷேர் ஆட்டோ பிடித்துத் தனியாகப் போனாள். செக்யூரிட்டி கேட்டில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். உள்ளே கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்டார்கள். அவளுக்கு எதற்கும் பதில் தெரியவில்லை. அந்த வாரமே ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விட்டது. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? பதில் தெரியாத ஆளிடம் யார் வேலை கொடுப்பார்கள்? பதிலைச் சொல்லிக் கொடுக்காமல் வைத்திருந்தவன் நான்.

அவள் வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் கழுவினாள், காபி போட்டாள், டம்ளரை என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு அந்த டைரியை எடுத்து வந்து என் மடியில் போட்டாள். "முதல் பக்கத்திலேர்ந்து சொல்லுங்க" என்றாள்.

மூன்று ராத்திரி ஆயிற்று. நான் சொல்லச் சொல்ல அவள் ஒரு நாற்பது பக்க நோட்டில் தன் அச்சுக் கையெழுத்தில் எழுதினாள். அப்புறம் ஒரு நாள் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக் கொட்டகையில் லேத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சேலையோடு லேத் முன்னால் நிற்கக் கூடாது. என் காக்கிச் சட்டையையும் மகளின் பழைய பேண்டையும் போட்டுக்கொண்டு, முடியை இறுக்கிக் கொண்டை போட்டு வந்து நின்றாள். அந்தக் கோலத்தில் அவளைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சிரிக்கிறேன் என்று நினைத்து அவள் முறைத்தாள்.

சக்கில் பீஸை மாட்டி, சென்டர் பார்த்து, டூலை மெதுவாக உள்ளே கொடுத்தாள். எனக்கு உள்ளங்கை வேர்த்தது. தப்பு செய்யப் போகிறாள் என்று தெரிந்ததும் எழுந்து கை வைக்கத் துடித்தேன். கால் கட்டில் இருந்ததால் பிழைத்தது. கால் நன்றாக இருந்திருந்தால் நிச்சயம் அவளைத் தள்ளிவிட்டு நானே பிடித்திருப்பேன், அவள் என்றைக்கும் கற்றுக்கொண்டிருக்கமாட்டாள். 25 மில்லிமீட்டர் துளை போட வேண்டிய முதல் புஷ்ஷில் ஐம்பது மைக்ரான் கூடிவிட்டது. ரிஜெக்ட். இரண்டாவதும் ரிஜெக்ட். ஏழாவது பீஸ் அளவில் நின்றது. மைக்ரோமீட்டரை என்னிடம் நீட்டினாள். நான் பார்த்தேன், அவளையும் மறுபடி பார்க்கச் சொன்னேன். அந்தப் புஷ் இன்னும் சாமி அலமாரியில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வந்தால் காட்டுகிறேன்.

கைமாறிப்போன ஆர்டர் திரும்பவில்லை. ஆனால் வேறு மூன்று சிறிய வேலைகளை அவளே பேசிப் பிடித்தாள். இன்றைக்கும் கொட்டேஷன் போடுவது அவள்தான். நான் கேட்கிற ரேட்டைவிட இரண்டு ரூபாய் கூடுதலாகத்தான் கேட்பாள், வாங்கியும் விடுவாள்.

அம்மாடி, இது உனக்கும் சேர்த்துத்தான். அந்த மூன்று மாதத்தில் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. அவள் கொட்டகையில் நின்றபோது வீட்டில் நான் சும்மா இருந்தேன். ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. காஸ் எந்த நம்பரில் பதிவது என்று தெரியவில்லை. மகள் எந்த டியூஷன் போகிறாள், எத்தனை மணிக்கு வருவாள் என்று தெரியவில்லை. உலை கொதித்தால் எவ்வளவு அரிசி போடுவது என்றுகூட அந்த வயதில் தெரியாமல் இருந்தேன். அவளும் அவள் பக்கத்து வேலையை யாருக்கும் சொல்லிக் கொடுக்காமல் தன் தலைக்குள்ளேயே வைத்திருந்தாள். வீட்டு வேலையைக் கணவனுக்குச் சொல்லிக் கொடுப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்தாளோ, இவருக்கு வராது என்று நினைத்தாளோ தெரியாது. இவன் செய்தால் குழம்பு கெட்டுவிடும் என்று நீ கரண்டியைப் பிடுங்கிக்கொண்டால் அதுவும் நான் செய்ததுதான்.

இன்னொரு விமானியின் மனைவியைப் பற்றியும் நீ தெரிந்துகொள்ள வேண்டும் அம்மாடி. பெயர் சர்ளா. பதினாறு வயதில் பி.டி. சர்மா என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். சர்மா கராச்சிக்கும் லாகூருக்கும் நடுவே தபால் விமானம் ஓட்டியவர். அவர் குடும்பத்தில் மட்டும் ஒன்பது விமானிகள். 1936-ல், நாலு வயதுப் பெண் குழந்தைக்குத் தாயாக இருந்தபோது, 21 வயதில், சேலை கட்டிக்கொண்டே ஜிப்ஸி மாத் விமானத்தில் ஏறித் தனியாகப் பறந்தார் சர்ளா. இந்தியப் பெண்களில் முதன்முதலாக விமானி உரிமம் வாங்கியவர்களில் ஒருவர் அவர். பறக்கச் சொல்லி ஊக்கப்படுத்தியவர்கள் கணவரும் மாமனாரும். 1939-ல் சர்மா விமான விபத்தில் இறந்துபோனார். தொழில்முறை விமானி ஆவதற்காகச் சர்ளா பயிற்சியில் சேர்ந்தபோது உலக யுத்தம் தொடங்கி அதுவும் நின்றுபோனது. இருபத்தைந்து வயதுக்குள் விதவை, கையில் குழந்தைகள், கற்ற வித்தைக்கும் வழி இல்லை.

அவர் லாகூரில் ஓவியப் பள்ளியில் சேர்ந்து புதிதாக ஒரு வித்தையைக் கற்றார். பிரிவினையில் மகள்களோடு டெல்லிக்கு வந்தார். 1948-ல் மறுமணம் செய்துகொண்டு சர்ளா துக்ரால் ஆனார். நகையும் சேலையும் வடிவமைத்துத் தொழில் நடத்தினார். 2008-ல் இறந்தார். வானத்தில் கிடைத்த தைரியம் தரையிலும் உதவியது என்று நான் நம்புகிறேன். ஒரு மிஷினை ஒரு தடவை அடக்கி ஓட்டியவளுக்கு அடுத்த மிஷினைக் கண்டு பயம் வராது. என் வீட்டிலேயே பார்த்தேன். லேத் பழகிய ஆறு மாதத்தில் வங்கி மேனேஜரிடம் கடன் பேசப் போனாள். அதற்கு முன்னால் வங்கி வாசலில் என் வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

உஷா சுந்தரம் குடும்பத்தின் மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குடும்பத்தின் பெயர் சென்னையில் இன்றும் நிலைத்திருப்பது விமானத்தால் இல்லை, நாயால். 1959-ல் ஒரு பெருமழை. தெருவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் கேப்டன் சுந்தரம் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிரதமரை ஏற்றிப் பறந்த ஆள், முழங்கால் தண்ணீரில் குனிந்து நாய்க்குட்டி பொறுக்கினார். அதிலிருந்து பிறந்ததுதான் ப்ளூ கிராஸ். கணவன், மனைவி, சுரேஷ், விஜி, சின்னி கிருஷ்ணா என்று மூன்று பிள்ளைகள், ஆக மொத்தம் வீடே சேர்ந்து தொடங்கியது. 1964-ல் பதிவு செய்தார்கள். தெருநாயைப் பிடித்துக் கொல்வதுதான் அப்போது மாநகராட்சியின் வழி. கொல்ல வேண்டாம், கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே விடுங்கள் என்று இவர்கள் சொன்னார்கள். கேட்க ஆள் இல்லை. சொல்லிக்கொண்டே இருந்தார்கள், செய்தும் காட்டினார்கள். சென்னை மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996-ல். 32 வருஷம். அடுத்த வருஷம், 1997-ல் கேப்டன் சுந்தரம் காலமானார். 2001-ல் அதே முறை நாடு முழுவதற்கும் விதியாக வந்தது. உஷா சுந்தரம் 2010 வரை இருந்தார். பொறியாளரான மகன் சின்னி கிருஷ்ணா அந்த வேலையைப் பெற்றோருக்குப் பிறகும் பல வருஷம் தூக்கிச் சுமந்தார்.

சேர்ந்து விமானம் ஓட்டிய இரண்டு பேர், பறப்பது முடிந்த பிறகும் சேர்ந்தே ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டார்கள், பிள்ளைகளிடமும் ஒப்படைத்தார்கள். கூட்டாக வேலை செய்யப் பழகிய வீட்டில்தான் பிள்ளைகளும் வந்து தோள் கொடுப்பார்கள் என்பது என் அபிப்பிராயம். என் மகளைப் பார். நான் தனியாக லேத் ஓட்டிய வரைக்கும் கொட்டகைப் பக்கமே வரமாட்டாள். அம்மா வந்து நின்ற பிறகு அவளும் வந்து வெர்னியர் பிடிக்கக் கற்றாள். இப்போது ஒரு கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறாள்.

தம்பி, நீ மனைவியை மதிக்காதவன் என்று நான் நினைக்கவில்லை. சி ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தோடு வந்து அவளை ஸ்டாப்பிங்கில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து படுக்கிற பிள்ளை நீ. அது பாசம்தான். ஆனால் இங்கே நம் ஊர் நிலைமையை யோசி. செய்யாறு பக்கத்துப் பையன் நீ, சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் அவள். அவசரத்துக்கு ஓடிவர உறவு யாரும் பக்கத்தில் இல்லை. உனக்கு ஷிப்ட் வாராவாரம் மாறும், அவளுக்கு மாறாது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் இருந்த வல்லம் வடகால் விடுதி 18,720 பெண்களுக்காகக் கட்டியது. 2024-ல் திறந்தார்கள். அங்கே வாசலிலேயே பஸ் வந்து நிற்கும். அதை விட்டுவிட்டு உன்னை நம்பி இந்த மாடிப் போர்ஷனுக்கு வந்திருக்கிறாள். இங்கே வாசலில் பஸ் இல்லை. நாளைக்கு உனக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் காய்ச்சல் ஏறினால், கீழே நிற்கிற வண்டியை எடுக்க யார் இருக்கிறார்கள்? எனக்கு வயசு 71. கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது.

டிரெய்லர் பயம் நியாயமான பயம். ஒரகடம் ரோட்டில் நானே விழுந்தவன். அதனால்தான் முறையாகப் பழக வேண்டும் என்கிறேன். முதலில் எல்.எல்.ஆர். போடுங்கள். உன் பெயரில் வண்டி இருப்பது போல அவள் பெயரில் லைசென்ஸ் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு சிப்காட் உள்ரோடு காலியாக இருக்கும். அங்கே கூட்டிக்கொண்டு போ. நீ பின்னால் உட்கார். ஹேண்டில்பாருக்குக் கையைக் கொண்டுபோகாதே, தொடையில் வைத்துக்கொள். இரண்டு தடவை வண்டி ஆஃப் ஆகும். ஒரு தடவை சாயும், காலை ஊன்றிக்கொள்ளுங்கள். திட்டாதே. சாவியைக் கொடுக்கும்போது வாய்விட்டுச் சொல், இனி உன் கையில் என்று.

உனக்கு ஒரு ஹெல்மெட் இருக்கிறது. அவளுக்கு வேண்டியதை உங்கள் பாட்டி தன்னிடமிருந்து தருகிறாளாம். துடைத்து, படிக்கட்டுக்குக் கீழே மீட்டர் பெட்டிமேல் வைத்திருக்கிறாள். எடுத்துக்கொள்ளுங்கள்.